ஜிம் முடிந்ததும் பிடிக்கும் அந்த ஒரு சிகரெட்டை விடுவது எப்படி

மதுரையில் நான் போய்க்கொண்டிருந்த ஜிம் முதல் மாடியில் இருந்தது, படி இறங்கினால் நேராக டீக்கடை. லெக் டே முடித்த அன்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவோம். தொடை நடுங்கும், பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும், கடைத் தூணில் தொங்கும் கயிற்றின் நுனி சிவப்பாகக் கனன்றுகொண்டிருக்கும். "அண்ணே, ஒரு லெமன் டீ, ஒரு ஃபில்டர்" என்று சொல்லிவிட்டு அந்தக் கயிற்றைத் தூக்கி உதட்டருகே கொண்டுவரும்போது மார்புக்குள் துடிப்பு இன்னும் அடங்கியிருக்காது. ஒன்பது வருடம் புகைத்தேன், அதில் ஆறு வருடம் ஜிம்முக்கும் போனேன், அந்த ஆறு வருடமும் ஒரு நாளின் மிக ருசியான சிகரெட் அதுவாகத்தான் இருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்கிறவன் எப்படித் தம் அடிக்கிறான் என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். நமக்கு அது புதிராகவே தெரியாது. காலையில் முட்டை வெள்ளைக்கரு எண்ணிச் சாப்பிடுவோம், அரிசியை எடை போடுவோம், எட்டு மணி நேரத் தூக்கம் பற்றிப் பேசுவோம், அப்புறம் கீழே இறங்கிப் பற்ற வைப்போம். "நாமதான் ஒர்க்கவுட் பண்றோம்ல, அதெல்லாம் சரியாகிடும்" என்ற ஒரு வரி மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். என் அனுபவத்தில் விட விடாமல் பிடித்து வைத்திருந்தது நிக்கோடின் பாதி, அந்த வரி பாதி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வேலைப்பளு, டென்ஷன், நண்பர்கள் என்ற வழக்கமான காரணங்களை வேறு பலர் எழுதியிருக்கிறார்கள், இது பயிற்சி செய்கிறவர்களுக்கு மட்டும்.

பயிற்சி புகையைக் கழுவிவிடாது

வியர்வையில் நிக்கோடின் போய்விடும் என்று என்னிடம் சொன்ன மாஸ்டர்கள் உண்டு. நிக்கோடின் தானாகவே சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகக் குறையும், அதை உடைப்பது பெரும்பாலும் கல்லீரல். அதற்கு வியர்வை தேவையில்லை, வியர்வையால் ஆகப்போவதும் இல்லை. மேலும் பிரச்சினை நிக்கோடினோடு முடியவில்லை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிப்பவருக்கு ஹீமோகுளோபினில் 5 முதல் 10 சதவீதம் வரை இப்படி அடைபட்டுக் கிடக்கும். பளுவோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் எட்டாவது தடவைக்கு (ரெப்) மூச்சு வாங்குகிறதே, ட்ரெட்மில்லில் பக்கத்தில் ஓடுகிறவர் பேசிக்கொண்டே ஓடும்போது நமக்கு மட்டும் வாய் திறக்க முடியவில்லையே, அதில் இதற்கும் பங்கு உண்டு. ஆக்சிஜன் ஏறவேண்டிய இருக்கையில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அந்த கார்பன் மோனாக்சைடு நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும், ஒன்றிரண்டு நாளில் புகைக்காதவரின் அளவுக்கு வந்துவிடும். புரோட்டீன் பவுடர் எதுவும் இரண்டு நாளில் இவ்வளவு செய்யாது.

தசைக்கும் நட்டம்தான். புகைப்பவர்களின் தசையில் புதிய புரதம் கட்டப்படும் வேகம் குறைவாக இருப்பதையும், தசை வளர்ச்சியைத் தடுக்கும் மயோஸ்டாட்டின் அதிகமாக இருப்பதையும் 2007-இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனால் எலும்பு முறிவு சேர்வதும் புண் ஆறுவதும் புகைப்பவர்களுக்குத் தாமதமாகும் என்பது அறுவை சிகிச்சை செய்யும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் தெரியும். தோள் வலி மாதக்கணக்கில் போகவில்லை என்று பெல்ட், ஸ்ட்ராப், எண்ணெய் என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

"நான் ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டுதான்" என்பவர்களுக்கு ஒரு விஷயம். 2018-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின்படி, ஒரு நாளைக்கு ஒன்று பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் அபாயம், இருபது பிடிப்பவருக்கு வருவதில் கிட்டத்தட்ட பாதி. இருபதில் ஒரு பங்கு என்று நாம் போடும் கணக்கு நுரையீரல் புற்றுநோய்க்கு ஓரளவு பொருந்தலாம், இதயத்துக்குப் பொருந்தாது. கனமாகத் தூக்கி ரத்த அழுத்தமும் துடிப்பும் ஏறி நிற்கிற உடம்பில், இதயத்துக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தைக் கட்டிப்பட வைக்கிற ஒரு பொருளை உள்ளே இழுக்கிறோம். ஜிம் முடித்து அடிக்கும் அந்த ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இது முதல் காரணம். இரண்டாவது காரணம் கீழே வருகிறது.

ஒரு வாரம் எழுதுங்கள், ஒன்றையும் குறைக்காமல்

செட், ரெப், எடை எல்லாம் நோட்டில் எழுதுகிறோம் இல்லையா, அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வாரம் ஒவ்வொரு சிகரெட்டையும் எழுதுங்கள். நேரம், எங்கே, யாரோடு, அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இவ்வளவு போதும். குறைக்க முயற்சி செய்ய வேண்டாம், பொய்யும் எழுத வேண்டாம்.

வாரக் கடைசியில் படித்தால் இரண்டு விஷயம் தெரியும். முதலாவது, எழுந்ததும் முதல் சிகரெட் எத்தனை நிமிடத்தில். அரை மணி நேரத்துக்குள் என்றால் உடம்பு நிக்கோடினுக்கு நன்றாக அடிமைப்பட்டிருக்கிறது, மன உறுதியை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், மருந்து உதவியோடு போங்கள், அதைப் பின்னால் சொல்கிறேன். பத்து மணிக்கு மேல்தான் முதல் சிகரெட் என்றால் உங்களைப் பிடித்திருப்பது பெரும்பாலும் பழக்கத்தின் நேரமும் இடமும். இரண்டாவதாக, எந்தெந்தச் சிகரெட் எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரியும். எனக்கு ஒரு நாளைக்கு எட்டு என்றால் அதில் நான்கை எழுதும்போதுதான் பிடித்ததாகவே ஞாபகம் வந்தது. காலைக்கடனுக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, ஜிம்முக்கு அப்புறம் ஒன்று, படுக்கும் முன் மொட்டைமாடியில் ஒன்று, இந்த நான்கும் ஆணி அடித்தது போல நின்றன. மற்றவை ஆள் கூப்பிட்டால் வருபவை.

அதே வாரத்தில் மூன்று எண்களையும் எடுத்து வையுங்கள். காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே எண்ணிய நாடித்துடிப்பு, 12 நிமிடத்தில் எத்தனை மீட்டர் ஓட முடிகிறது என்பது, நிறுத்தாமல் எத்தனை மாடி ஏற முடிகிறது என்பது. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் தம்பிகள் 1500 மீட்டர் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டிய அந்த ஓட்டத்தில் சில விநாடிகளில் தவறவிட்டுத் திரும்புகிறவர்களை மைதானத்தில் பார்த்திருக்கிறேன், அவர்களில் சிலர் ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று பிடித்ததையும் பார்த்திருக்கிறேன்.

தேதி குறியுங்கள், அன்றைக்கு முழுசாக நிறுத்துங்கள்

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நியாயமாகத்தான் தோன்றும். நான் இரண்டு முறை அப்படி முயன்று தோற்றேன், எட்டில் இருந்து மூன்றுக்கு வருவேன், அந்த மூன்றும் தங்கமாக மாறிவிடும், அதை எதிர்பார்த்தே நாள் ஓடும். 2016-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இரண்டு வாரம் படிப்படியாகக் குறைத்து விட்டவர்களையும் ஒரே நாளில் விட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். நான்கு வாரம் கழித்து ஒரே நாளில் விட்டவர்களில் 49 சதவீதம் பேர் புகைக்காமல் இருந்தார்கள், குறைத்து விட்டவர்களில் 39 சதவீதம். இரு பக்கமும் நிக்கோடின் மருந்து உதவி கொடுக்கப்பட்டது. ஆகவே என் பரிந்துரை ஒரே நாள்தான். குறைத்துத்தான் வர முடியும் என்பவர் அப்படியே வாருங்கள், ஆனால் கடைசி நாள் என்று ஒரு தேதி காலண்டரில் இருக்க வேண்டும்.

தேதியை எங்கே வைப்பது என்பதில் நம் ஆட்கள் ஒரு தவறு செய்வார்கள். "கட்டிங் ஆரம்பிக்கிறேன், அதோடு சிகரெட்டையும் விடுறேன்" என்பார்கள், கட்டிங் என்றால் கொழுப்பைக் கரைக்கச் சாப்பாட்டைக் குறைக்கும் காலம். வேண்டாம். சாப்பாட்டைக் குறைத்துப் பசியோடு இருக்கும்போது நிக்கோடினையும் எடுத்துவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு பசி. போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போதும் வேண்டாம், புதிய கனமான புரோகிராம் தொடங்கும் வாரமும் வேண்டாம். சாப்பாடு சாதாரணமாக இருக்கிற, கல்யாண வீடும் திருவிழாவும் இல்லாத ஒரு பதினைந்து நாளைப் பாருங்கள். அந்தப் பதினைந்து நாளில் பயிற்சியை விட்டுவிடக் கூடாது, ஆனால் அதிகபட்ச எடையைச் சோதிக்கவும் வேண்டாம். எடையை வழக்கத்தில் பத்து இருபது சதவீதம் இறக்குங்கள், செட்டைக் குறையுங்கள், அதற்குப் பதிலாகத் தினமும் அரை மணி நேரம், பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகத்தில் நடை அல்லது சைக்கிள்.

ஒரு முன்னெச்சரிக்கை. பயிற்சியின்போது மார்பு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றி விழப்போவது போன்ற உணர்வு எப்போதாவது வந்திருந்தால் இந்த வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். பல வருடம் புகைத்த, நாற்பதைத் தொடுகிற எவருக்கும் ஒருமுறை ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பார்த்துவிடுவது நல்லது.

முதல் மூன்று நாள்

இரண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சம். எரிச்சல் வரும், யாரோ கதவைச் சத்தமாகச் சாத்தினால்கூடக் கோபம் வரும், கவனம் நிற்காது, தூக்கம் துண்டு துண்டாக உடையும், பசிக்கும். இதெல்லாம் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கிவிடும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் அம்மாவிடம் "ஒரு வாரம் நான் கத்துனா கண்டுக்காதம்மா" என்றேன், அவர் ஒன்றும் கேட்காமல் அந்த வாரம் முழுக்க மோரில் இஞ்சி தட்டிப்போட்டுப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தார்.

ஆசை வரும் ஒவ்வொரு தடவையும் அது மூன்று முதல் ஐந்து நிமிடம் வரைதான் உச்சத்தில் நிற்கும், அப்புறம் தானாக இறங்கும். ஒரு கனமான செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவில் நாம் எடுக்கும் ஓய்வு அவ்வளவுதான். இங்கேதான் பயிற்சி செய்கிறவர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பத்து நிமிடம் வேகமாக நடந்தாலே நடக்கும்போதும் அதற்கு அப்புறம் சற்று நேரமும் புகைக்கும் ஆசை குறைகிறது என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அலுவலகத்தில் இருந்தால் மூன்று மாடி இறங்கி ஏறுங்கள், வீட்டில் இருந்தால் சுவரோடு முதுகை ஒட்டி நாற்காலியில் உட்கார்ந்தது போல நில்லுங்கள், தொடை எரியும்போது வாய் சிகரெட் கேட்காது. உடற்பயிற்சி மட்டும் செய்தால் சிகரெட் தானாக நிரந்தரமாக விட்டுப்போகும் என்று யாரும் நிரூபித்ததில்லை, அப்படி இருந்தால் நம் ஜிம்களில் ஒருவரும் புகைக்க மாட்டார்கள். ஆசை வரும் அந்த நிமிடத்தைத் தாண்டுவதற்கு அது கை கொடுக்கும்.

காலைக்கடன் பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள், ஆனால் ஆண்களில் பலர் திரும்பப் பற்ற வைப்பது இதற்காகத்தான். நிக்கோடின் குடலை உந்திவிடும், அது நின்றதும் சில நாள் மலச்சிக்கல் வருவது இயல்பு. எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிட நடை, முந்தைய இரவில் கொய்யாவோ வாழைப்பழமோ, சாப்பாட்டில் கீரை. போனையும் சிகரெட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போகும் பழக்கம் இருந்தால் இரண்டையும் வெளியே வையுங்கள். புரோட்டீன் பவுடர் எடுப்பவர்கள் தண்ணீரும் நார்ச்சத்தும் கூடுதலாக எடுக்க வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் குடல் தன் வழிக்கு வந்துவிடும்.

இருமல் அதிகமாகலாம், சளி வரலாம். பயந்துவிடாதீர்கள். மூச்சுக்குழாயில் தூசியையும் சளியையும் மேலே தள்ளும் நுண்ணிய முடிகள் மறுபடி வேலை செய்யத் தொடங்கினால் அப்படித்தான் இருக்கும். மாதக்கணக்கில் நீடித்தாலோ ரத்தம் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

கடைசி செட்டுக்கு அப்புறம் இருபது நிமிடம்

இப்போது அந்த ஆணி அடித்த சிகரெட். கடினமாகப் பயிற்சி செய்து முடித்ததும் உடம்பு ஒரு முடிவை எதிர்பார்க்கிறது. "வேலை முடிந்தது, இனி நிதானம்" என்று யாராவது சொல்ல வேண்டும், பல வருடமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தது சிகரெட். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டால் கால் தானாக டீக்கடைக்குப் போகும். மற்ற எல்லா நேரத்தையும் தாண்டிய பல பேர் இங்கேதான் விழுகிறார்கள், "நல்லா ஒர்க்கவுட் பண்ணியாச்சு, ஒண்ணு பரவால்ல" என்று. நாள் முழுக்கப் பிடிக்காமல் இருந்துவிட்டு இந்த ஒன்றைப் பிடித்தால், பிடிக்காமல் இருந்த அத்தனை நேரத்துக்கும் மூளைக்குப் பரிசாக நிக்கோடினே போய்ச் சேருகிறது. இந்த ஒன்றை மிச்சம் வைத்துவிடக் கூடாது என்று சொன்னதற்கு இரண்டாவது காரணம் இது.

நான் செய்தது இதுதான், படிப்படியாகச் சொல்கிறேன். கடைசி செட் முடிந்ததும் நேராகக் கீழே இறங்கவில்லை. பாயை விரித்து மல்லாந்து படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்து, நான்கு எண்ணிக்கை மூக்கால் உள்ளே இழுத்து ஆறு எண்ணிக்கை வாயால் மெதுவாக வெளியே விட்டேன், ஐந்து நிமிடம். சிகரெட் பிடிக்கும்போது நாம் செய்வதும் பாதி இதுதான், ஆழமாக இழுத்து மெதுவாக விடுகிறோம், அந்த நிதானத்தில் ஒரு பங்கு மூச்சுக்குச் சேர வேண்டியது, சிகரெட் அதைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது. அப்புறம் ஜிம்முக்குள்ளேயே முகம் கழுவிப் பல் தேய்த்தேன். ஆம், பையில் ஒரு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் வைத்திருந்தேன், புதினா வாசம் வாயில் இருக்கும்போது புகை ருசிக்காது. வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போன சுண்டலையும் அவித்த முட்டையையும் படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். இந்த மூன்றும் முடிய இருபது நிமிடம் ஆகும், அதற்குள் கூட்டாளிகள் கீழே பிடித்து முடித்துக் கலைந்திருப்பார்கள்.

முதல் மாதம் அந்தக் கடையில் டீயே குடிக்கவில்லை. டீயும் சிகரெட்டும் இத்தனை வருடம் ஒன்றாகவே உள்ளே போயிருக்கின்றன, ஒன்றை வாயில் வைத்தால் நாக்கு இன்னொன்றைக் கேட்கும். இளநீர், மோர், எலுமிச்சைச் சாறு என்று ஏதாவது மாற்றிக்கொள்ளுங்கள். பயிற்சி நேரத்தை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது, உங்கள் நோட்டில் எந்த நேரம் மோசமாக இருக்கிறதோ அந்த நேரத்திலேயே ஜிம்முக்குள் இருங்கள். எனக்கு மாலை ஆறரை மோசம், அதனால் ஏழரை மணி பயிற்சியை ஆறேகாலுக்குக் கொண்டுவந்தேன்.

ஜிம் கூட்டாளிகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "மச்சான், விட்டுட்டேன், எனக்கு நீட்டாத, நான் கேட்டாலும் குடுக்காத", இந்த ஒரு வாக்கியம் போதும். பெரும்பாலானவர்கள் மதிப்பார்கள்.

காபியையும் பிரீ-ஒர்க்கவுட்டையும் பாதியாக்குங்கள்

இதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு. புகையில் இருக்கும் சில பொருள்கள் கல்லீரலில் காஃபினை உடைக்கும் நொதியை முடுக்கிவிடும், அதனால் புகைப்பவரின் உடம்பில் காஃபின் வேகமாகக் கரையும். அதனால்தான் நாலு காபி குடித்தாலும் நமக்கு ஒன்றும் செய்வதில்லை. சிகரெட்டை நிறுத்திய சில நாளிலேயே அந்த வேகம் குறைந்துவிடும், அதே அளவு காஃபின் ரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் நிற்கும். பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் பிரீ-ஒர்க்கவுட் பவுடர் ஒரு ஸ்கூப்பில் 200 முதல் 300 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. அதை மாலை ஆறு மணிக்குக் குடித்துவிட்டு, படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாவற்றையும் "சிகரெட் விட்டதால் வருகிறது" என்று நினைத்து, தாங்க முடியாமல் பற்ற வைத்தவர்கள் எத்தனை பேரோ. என் இரண்டாவது முயற்சி ஐந்தாம் நாள் இரவு இப்படித்தான் உடைந்தது.

விடும் நாளில் இருந்தே காபி, டீ, பிரீ-ஒர்க்கவுட் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம். தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் போட்டாலும் இது பொருந்தும், நொதியை முடுக்குவது புகைதான், நிக்கோடின் இல்லை. தியோஃபிலின் எடுக்கும் ஆஸ்துமாக்காரர்களும், க்ளோசபின், ஒலான்சபின் போன்ற மனநல மருந்து எடுப்பவர்களும் சிகரெட்டை விடும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும், அந்த மருந்துகளின் அளவும் இதே காரணத்தால் ரத்தத்தில் ஏறும்.

மாத்திரை பற்றி இன்னொன்று. விடும் வரை நுரையீரலைக் காப்பாற்றலாம் என்று ஆன்டி-ஆக்ஸிடன்ட் வாங்கி விழுங்குபவர்கள் உண்டு. பின்லாந்தில் 29,000-க்கும் அதிகமான ஆண் புகைப்பிடிப்பாளர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் அதிகமாக வந்தது. காரட், கீரை, மாம்பழம் தாராளமாகச் சாப்பிடுங்கள், பீட்டா கரோட்டின் அதிக அளவில் இருக்கும் மாத்திரை வேண்டாம்.

எடை ஏறுமே?

ஏறலாம், மறைக்க வேண்டியதில்லை. விட்டவர்களுக்கு முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுகிறது, அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில். நிக்கோடின் பசியை அடக்கிக்கொண்டும் உடம்பு எரிக்கும் கலோரியைச் சற்றுக் கூட்டிக்கொண்டும் இருந்தது, இரண்டும் நின்றுவிட்டன. ஆனால் சராசரி என்றால் எல்லோருக்கும் அவ்வளவு என்று அர்த்தமில்லை, சிலருக்கு எடை குறைவதும் உண்டு, மேலும் நாம் பளு தூக்குகிறவர்கள், கூடுதலாக உள்ளே போகும் சாப்பாட்டில் ஒரு பகுதியையாவது தசைக்கு அனுப்பும் வழி நம்மிடம் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் கலோரியைக் குறைக்காதீர்கள். வாய் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும், அதற்கு வறுத்த வேர்க்கடலை அளவாக, வெள்ளரி, காரட், சுண்டல், சோம்பு, கிராம்பு என்று பையில் இருக்கட்டும். முறுக்கும் பிஸ்கட்டும் வீட்டில் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டாம். மூன்று கிலோ ஏறினால் மூன்றாவது மாதம் இறக்கிக்கொள்ளலாம், கட்டிங் செய்யத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு பெரிய வேலையே இல்லை.

மருந்து உதவி வாங்குவது பலவீனம் இல்லை

ஜிம்மில் வளர்ந்த நமக்கு எல்லாவற்றையும் பல்லைக் கடித்துத் தூக்கிவிட வேண்டும் என்ற எண்ணம். நிக்கோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் பொதுவாகச் சீட்டு இல்லாமலே கிடைக்கும், 4 மில்லிகிராமுக்கு மருத்துவர் எழுதித் தர வேண்டும். பபிள்கம் போல மென்றுகொண்டே இருந்தால் நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் வரும். மெதுவாகச் சில தடவை மெல்லுங்கள், காரமாகச் சுரீர் என்றதும் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள், சுரீர் குறைந்ததும் மறுபடி மெல்லுங்கள், அரை மணி நேரம் இப்படி. அதற்குக் கால் மணி முன்பிருந்து காபி, ஜூஸ், சோடா கூடாது, வாய் புளிப்பாக இருந்தால் நிக்கோடின் சரியாக உள்ளே போகாது. பளு தூக்கும்போது வாயில் சூயிங்கம் இருக்கவே கூடாது, மூச்சை அடக்கி விடும் நேரத்தில் தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.

பேட்ச் ஒட்டுபவர்கள் வியர்வையில் அது கழன்று போகாமல் முடி இல்லாத, காய்ந்த தோலில் ஒட்ட வேண்டும். கடும் பயிற்சியின்போது தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் நிக்கோடின் வழக்கத்தைவிட வேகமாக உள்ளே போகலாம், தலைசுற்றலோ குமட்டலோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள். வாரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் உண்டு, இரண்டும் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும், வலிப்பு வந்தவர்களுக்கு புப்ரோபியான் கூடாது.

1800-11-2356 என்ற இலவச எண் 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பாக்கெட் மேலேயே அச்சிடப்பட்டது. தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். மூன்றாவது முயற்சியில் நான் கூப்பிட்டேன், எதிர்முனையில் இருந்தவர் ஒரு நாளைக்கு எத்தனை, முதல் சிகரெட் எப்போது, முன்னால் விட்டபோது எதில் உடைந்தது என்று பொறுமையாகக் கேட்டார், அந்த மூன்றாவது கேள்விதான் காபி விஷயத்தைத் தோண்டி எடுத்தது.

சிகரெட்டுக்குப் பதில் கூல் லிப், ஹான்ஸ் என்று வாயில் அதக்கும் புகையிலைக்குப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. புகை இல்லாததால் ஸ்டாமினா போகாது என்று மைதானத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அதே நிக்கோடின், அதே அடிமைத்தனம், அதோடு வாய்ப் புற்றுநோய். வேப் இந்தியாவில் 2019 முதல் தடை, கள்ளத்தனமாக வரும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. ஹூக்காவிலும் மூலிகை சிகரெட்டிலும் கார்பன் மோனாக்சைடும் தாரும் அப்படியே இருக்கின்றன.

வழுக்கிவிட்டால்

முதல் மாதம் மது இருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். நான் பார்த்தவரை இரண்டாவது வாரம் தாண்டியவர்கள் விழுவது பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான்.

பத்தாம் நாள் காலையில் நாடியை எண்ணிப் பாருங்கள். எனக்கு 78-இல் இருந்து 70-க்கு இறங்கியிருந்தது, தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் 70. மூன்று வாரம் கழித்து 12 நிமிட ஓட்டத்தை மறுபடி ஓடுங்கள். அந்த எண்களை நோட்டில் பழைய எண்களுக்கு நேர் எதிரே எழுதுங்கள், ஆசை வரும்போது அந்தப் பக்கத்தைத் திறப்பதற்காக.

அப்படியும் ஒரு நாள் ஒன்று பிடித்துவிட்டால், "போச்சு, திங்கட்கிழமையில் இருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு நாள் ஜிம்முக்குப் போகவில்லை என்பதற்காக யாரும் வாரம் முழுக்கப் போகாமல் இருப்பதில்லை. பிடித்த நேரத்தையும் காரணத்தையும் நோட்டில் எழுதுங்கள், அடுத்த சிகரெட்டைப் பற்ற வைக்காதீர்கள், அன்றைய பயிற்சியைத் தவறவிடாமல் செய்யுங்கள். பாக்கெட்டில் மீதி இருந்தால் அதை அப்படியே குப்பையில் போட வேண்டாம், காய்ந்து கிடந்தால் இரவு பதினோரு மணிக்குத் தேடிப் போய் எடுப்போம், குழாயடியில் பிடித்து நன்றாக நனைத்துவிட்டுப் போடுங்கள்.